கிறீச்சிடும் வில்லும் எல்லைப்புறச் சாலையும்



திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் நீளம் ஏறக்குறைய 87 கிலோமீட்டர். அது பாலராமபுரம், நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களைக் கடந்து, அமரவிளையில் நெய்யாற்றைத் தாண்டி, உதியன்குளங்கரை வழியே பாறசாலையை அடைகிறது. அதற்கப்பால் களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் புகுகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்வரை இங்கே மாநில எல்லை இருந்ததில்லை. அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அவ்வட்டத்தின் தென்கோடிச் சிற்றூர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள், இருந்த இடத்தைவிட்டு நகராமலே பிற மாநிலத் தமிழராயினர். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவருக்கு அவர்களுடைய நிலை புரியாததன்று.

எல்லைக்கோடு மக்களைப் பிரித்தது, வண்டிகளைப் பிரிக்கவில்லை. பாறசாலைப் பகுதியின் சாலையோரப் பட்டறைகளுக்கு இரு மாநில எண்பலகை தாங்கிய வண்டிகளும் வரும். இரு மொழியிலும் பழுது சொல்லப்படும். ஆனால் வண்டி தன் பழுதைத் தானே சொல்லும் மொழி ஒன்று உண்டு. அதுதான் வில்லின் கிறீச்சொலி. இன்றைய பேச்சு அந்த ஒலியின் வரலாற்றைப் பற்றியது. அதைக் கேட்டறிந்து திருத்தும் முறையைப் பற்றியதும் ஆகும். பழைய காரில் எழும் கிறீச்சொலிக்கு மருந்து ஒன்றல்ல, மூன்று. எந்த இடத்திற்கு எந்த மருந்து என்பதை அறியாமல் கைவைத்தால், ஒலி அடங்கும், ஆபத்து அடங்காது.

முதலில் மாட்டுவண்டியை நினைவுகூர்வோம். அதற்கு வில் கிடையாது. இருசும் குடமும் உராயும் இடத்தில் ஒலி பிறக்கும். வைக்கோற்கரியை எண்ணெயில் குழைத்துச் செய்த மசகைத் தடவினால் ஒலி நிற்கும். நம் நாட்டு வண்டிக்காரர் தலைமுறை தலைமுறையாகக் கற்ற பாடம் இது: கிறீச்சிடும் இடத்தில் மசகு இடு. வண்டிக்கு அது முழுமையாகப் பொருந்திய பாடம். இரும்போ மரமோ ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்த காலத்தில் வேறு பாடம் வேண்டியிருக்கவில்லை.

பின்னர்க் குதிரை வண்டிகளுக்கும் கோச்சு வண்டிகளுக்கும் தகட்டுவில் வந்தது. நீண்டதும் குட்டையுமான எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே ஆணியிட்டு இறுக்கிய அமைப்பு அது. நம் பட்டறைகளில் இதனைப் பட்டை என்று வழங்குவர். சுமை ஏறும்போது தகடுகள் வளைந்து ஒன்றின்மீது ஒன்று சிறிதளவு நழுவும். அந்த நழுவலில் எழும் உராய்வு, குலுக்கத்தைத் தணிக்கவும் உதவும். மோட்டார் வண்டியும் இதே வில்லைத்தான் முதலில் ஏற்றுக்கொண்டது.

நாம் பேசும் இச்சாலைக்கு அந்த வில் பெருமளவில் வந்த காலத்தை நாளோடு சொல்லலாம். 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையைத் தொடங்கி வைத்தார். அத்துறைக்குத் தலைமை ஏற்ற ஈ. ஜி. சால்ட்டர், லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றியவர். பேருந்துகளின் அடிச்சட்டங்கள் இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்டன; அவற்றில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள் பொருத்தப்பட்டிருந்தன. மேற்கூட்டை உள்ளூர்த் தொழிலாளர் சால்ட்டரின் மேற்பார்வையில் கட்டினர். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைத்த சாலைக்குச் சிமெண்டுக் கான்கிரீட்டுத் தளம் அமைந்ததும் அந்த மகாராஜாவின் ஆட்சியிலேதான்.

அக்காலத்துக் கனவண்டிகளின் அடிப்பகுதியில் அசையும் மூட்டுகள் பெரும்பாலும் எஃகும் வெண்கலமுமே. பட்டையின் கண்ணில் ஓர் ஊசி, அதைத் தாங்க ஒரு புஷ், அதற்குக் கிரீஸ் ஏற்ற ஒரு சிறு முனை. குறித்த நாளில் ஒவ்வொரு முனையிலும் கிரீஸ் ஏற்றுவது பட்டறையின் ஒழுங்கு. மாட்டுவண்டியின் மசகுப் பாடம் பேருந்திலும் பிழையாகவில்லை. மசகு கிரீஸாயிற்று, விரல் கிரீஸ் துப்பாக்கியாயிற்று, பாடம் மட்டும் மாறவில்லை.

மாற்றம் வந்தது வேறொரு வண்டியால். 1948-இல் சென்னையில் நிறுவப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்துடன் தொழில் உறவு பூண்டு கார்களை உருவாக்கியது. 1961-இல் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் காரை வெளியிட்டது. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த வண்டிதான் அது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. எஞ்சின் 948 கன சென்டிமீட்டர். சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் இருந்த ஆலை இந்நிறுவனத்தோடு சேர்த்து நினைக்கப்படுவது.

ஹெரால்டு குடும்பக் கார்தான். ஆயினும் அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற இருவர் விளையாட்டுக் கார் செய்யப்பட்டது. முன்சக்கர அமைப்பும் பின்சக்கர அமைப்பும் இரண்டிற்கும் ஒரே வழியில் வந்தவை. லோட்டஸ் போன்ற பந்தயக் கார் நிறுவனங்களும் இதன் முன்சக்கரத் தாங்கு தண்டை எடுத்தாண்டன. ஆகவே நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய ஹெரால்டு, உலகெங்கும் விரும்பப்பட்ட ஒரு விளையாட்டுக் காரின் உடன்பிறப்பு. ஸ்பிட்ஃபயரின் கிறீச்சொலியைப் பற்றிச் சொல்வனவற்றுள் பெரும்பகுதி ஹெரால்டுக்கும் பொருந்தும்.

அவ்வண்டியின் அடியில் புதுமை என்ன? முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக இரண்டு கவைகள் தாங்குகின்றன. நடுவே சுருள்வில்லும் அதனுள்ளே ஷாக் அப்சார்பரும் உள்ளன. பின்புறத்தில் ஒரே ஒரு தகட்டுவில் வண்டியின் குறுக்காக நின்று இரு சக்கரங்களையும் தாங்குகிறது. பின்னச்சு ஒரே கட்டியாக இல்லாமல், நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியிலிருந்து இருபுறமும் தனித்தனியே ஆடும் அச்சாக அமைந்தது. மூட்டுகளில் பல ரப்பர் புஷ்களால் ஆனவை. சில நைலான் புஷ்களால் ஆனவை. கிரீஸ் வேலையைக் குறைப்பதே இதன் நோக்கம். ஆக ஒரே வண்டியில் மூன்று வகை அசைவுகள் கூடின: நழுவும் அசைவு, முறுகும் அசைவு, திருகும் அசைவு. இம்மூன்றையும் பிரித்தறிவதே நோய் காணும் கலை.

ஒலி ஏன் எழுகிறது என்பதை வயலினைக் கொண்டு விளக்கலாம். வயலின் வில்லில் பிசின் தடவுகிறார்கள். வில் தந்தியைப் பற்றி இழுக்கிறது, தந்தி ஓரளவு இழுபட்டபின் நழுவுகிறது, மீண்டும் பற்றப்படுகிறது. ஒரு நொடியில் பல நூறு முறை இவ்வாறு நிகழ்வதால் ஒலி பிறக்கிறது. காரின் அடியிலும் இதுவே நடைபெறுகிறது. இரண்டு பரப்புகள் ஒட்டியும் நழுவியும் ஒட்டியும் நழுவியும் போராடுகின்றன. எனவே கிறீச்சொலி கேட்டால் இரண்டில் ஒன்று உண்மை: நழுவ வேண்டிய இடம் வறண்டிருக்கிறது, அல்லது நழுவக்கூடாத இடம் நழுவத் தொடங்கிவிட்டது. இவ்விரண்டிற்கும் மருந்து நேர்மாறானது.

இனி நோய் காணும் முறையைப் பார்ப்போம். முதற்படி, ஒலி எப்பொழுது கேட்கிறது என்று குறித்துக்கொள்வது. வேகத்தடையில் மெல்ல ஏறி இறங்கும்போது பின்புறத்தில் கேட்டால் தகட்டுவில்லையும் அதன் கண்களையும் ஐயுறலாம். வண்டி நிற்கையில் திசைச்சக்கரத்தைத் திருப்பும்போது முனகல் கேட்டால் முன்சக்கரத் தாங்கு தண்டின் கீழ்மூட்டை ஐயுறவேண்டும். பிரேக்கு மிதிக்கும்போது மட்டும் கேட்டால் பிரேக்கையும் கவைகளின் புஷ்களையும் பார்க்கவேண்டும்.

இரண்டாவதாக, மழைக்குப் பின் ஒலி என்ன ஆகிறது என்று கவனித்தல். நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகள் ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழையையும் அக்டோபர் மாத வடகிழக்குப் பருவமழையையும் பெறுபவை. ஆகவே இங்குள்ள வண்டி ஓட்டுபவருக்கு இச்சோதனை ஆண்டுக்கு இருமுறை இலவசமாகக் கிடைக்கிறது. மழையில் ஒலி மறைந்து, வெயிலில் திரும்பினால், நீர் எட்டக்கூடிய வெளிமூட்டில்தான் பழுது உள்ளது. மழையாலும் மாறாத ஒலி, உள்ளே மூடப்பட்ட மூட்டிலிருந்து வருவதாகலாம்.

மூன்றாவதாக, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒருவர் ஒரு மூலையை அழுத்தி அழுத்தி விடவேண்டும், மற்றொருவர் கேட்கவேண்டும். காது ஏமாற்றும், ஏனெனில் இரும்புச் சட்டம் ஒலியைக் கடத்தும். கை அவ்வளவாக ஏமாறாது. ஒவ்வொரு மூட்டின்மீதும் விரலை வைத்தால், பழுதுள்ள மூட்டில் நுண்ணிய அதிர்வு தெரியும். நசுங்கும் இடுக்குகளில் விரல் வைத்தலாகாது. அவ்விடங்களில் ஒரு நீண்ட மரக்கோலின் ஒரு முனையை மூட்டிலும் மறுமுனையைக் காதருகிலும் வைத்துக் கேட்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் யாரும் படுக்கக்கூடாது. உறுதியான தாங்கிகள் இட்ட பின்னரே அடியில் செல்லவேண்டும்.

நான்காவது சோதனைக்கு வேண்டியது ஒரு குவளைத் தண்ணீர். ஐயுற்ற மூட்டுகளுள் ஒன்றை மட்டும் நனைத்து, மீண்டும் அழுத்திக் கேட்கவேண்டும். ஒலி மாறினால் இடம் பிடிபட்டது. மாறாவிட்டால் அடுத்த மூட்டு. தண்ணீர் ரப்பரைக் கெடுக்காது. சிறிது நேரத்தில் உலர்ந்து ஒலியைத் திருப்பித் தந்து நம் முடிவை உறுதிப்படுத்தும். தொடக்கத்திலேயே எண்ணெயை எல்லா இடத்திலும் பீய்ச்சினால், ஒலி போகும். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லும் சாட்சியும் போய்விடும்.

ஹெரால்டில் மேலும் ஒரு சூது உண்டு. அதன் மேற்கூடு பல பகுதிகளாகச் செய்யப்பட்டு அடிச்சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டது. எஞ்சின் மூடி முழுவதும் முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும். ஆதலால் மேற்கூட்டின் போல்ட்டு தளர்ந்தாலும், இடையிலுள்ள ரப்பர் தேய்ந்தாலும், மூடியின் தாங்கல் பொருந்தாவிட்டாலும் வில்லின் ஒலிபோலவே ஓர் ஒலி கேட்கும். வில்லைக் கழற்றுமுன் இவற்றைப் பார்ப்பது வீண் செலவைத் தவிர்க்கும்.

இப்பொழுது மருந்துகளைக் காண்போம். நழுவும் இடம் தகட்டுவில். மழைநீர் துரு ஏற்றுகிறது. செம்மண் தூசி துருவோடு கலந்து உராய்கிறது. அடிச்சட்டத்தைத் தாங்கிகளின்மேல் உயர்த்திச் சக்கரங்களைத் தொங்கவிட்டால் பட்டையின் மீதுள்ள சுமை குறைந்து தகடுகளின் நுனிகள் சற்றே விலகும். கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, எங்கேனும் தகடு விரிந்துள்ளதா என்று கூர்ந்து நோக்கவேண்டும். நடு ஆணியும் தகடுகளைக் கவ்வும் கிளிப்புகளும் இறுக்கமாக உள்ளனவா என்றும் பார்க்கவேண்டும். தகடு நுனிகளில் ரப்பர்ப் பொத்தான்கள் இல்லாத வில்லாயின் இடுக்குகளில் கிராஃபைட்டு கலந்த கிரீஸைச் செலுத்தலாம். பொத்தான்கள் இருந்து அவை தேய்ந்திருந்தால் அவற்றையே மாற்றவேண்டும். அங்கே கிரீஸ் இடுதல் தகாது.

முறுகும் இடம் ரப்பர் புஷ். பட்டறை வழக்கில் சைலன்ட் பிளாக் என்பர். இதன் இயல்பை அறியாமையே பெரும்பாலான கேட்டிற்குக் காரணம். இதில் எதுவும் நழுவுவதில்லை. உள்ளிருக்கும் எஃகுக் குழல் போல்ட்டால் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். வெளிப்பரப்பு கவையின் கண்ணில் இறுகியிருக்கும். இடையிலுள்ள ரப்பர் தானே முறுகி, தானே மீளும். அது கிறீச்சிட்டால், போல்ட்டு தளர்ந்து குழல் நழுவுகிறது, அல்லது ரப்பர் நலிந்து பரப்பு உராய்கிறது என்பது பொருள். அங்கே எஞ்சின் எண்ணெயோ கிரீஸோ இட்டால் ஒலி சில நாள் அடங்கும். ஆனால் அந்த எண்ணெயில் ரப்பர் ஊறி, உப்பி, மென்மையாகி, முன்னிலும் விரைவாக அழியும். மருந்தே நோயாகும்.

எனவே ரப்பர் புஷ்ஷுக்கு மருந்து இறுக்குதல். இறுக்கியும் தீராவிட்டால் மாற்றுதல். புதிய புஷ்ஷை ஏற்றும்போது வழுக்கல் வேண்டுமாயின் சோப்பு நீர் போதும். பிறகு முதன்மையான விதி ஒன்று உண்டு. வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டைக் கடைசி இறுக்கம் இறுக்கக்கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரங்கள் சுமை தாங்கி நிற்கும் இயல்பான நிலையில்தான் இறுக்கவேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியபடியே இருக்கும். அது விரைவில் கிழியும். புதிய புஷ் போட்டும் இரண்டே மாதத்தில் ஒலி திரும்பிவிட்டது என்று கேட்கும் குறைக்குப் பலமுறை இதுவே காரணம்.

திருகும் இடம் முன்சக்கரத் தாங்கு தண்டின் கீழ்மூட்டு. இதனை டிரனியன் என்பர். தண்டின் கீழ்முனையில் திருகுமரை வெட்டப்பட்டிருக்கும். அது வெண்கல நிறமுள்ள ஓர் உலோகக் கட்டையினுள் திருகப்பட்டிருக்கும். ஓட்டுநர் வண்டியைத் திருப்புந்தோறும் அந்த மரை கட்டைக்குள் திரும்புகிறது. இங்கே கட்டாயம் மசகு வேண்டும். ஆனால் அது கிரீஸ் அன்று. பற்சக்கரப் பெட்டிகளுக்கு ஊற்றும் 90 எண் கொண்ட கெட்டியான கியர் எண்ணெய். கிரீஸ் மரையின் நுண்ணிய இடைவெளிகளில் பரவாமல் ஒரே இடத்தில் தங்கிக் கட்டியாகும். அதன்பின் நீர் புகும், துரு பிடிக்கும், மரை தேயும், தண்டு வலுவிழக்கும். முடிவில் வளைவொன்றில் தண்டு மரையருகே ஒடிந்து, சக்கரம் வெளிப்புறமாகச் சாய்ந்து, வண்டி முன்புறமாக விழும்.

இதை மிகைப்படுத்தலாக எண்ணவேண்டாம். இவ்வகைக் கார்களின் உரிமையாளர்கள் உலகெங்கும் முதன்மையாக அஞ்சும் பழுது இதுதான். தடுக்கும் முறையோ எளிது. கட்டையிலுள்ள சிறு அடைப்பைக் கழற்றி, அவ்விடத்தில் கிரீஸ் முனை ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தி, கியர் எண்ணெய் நிரப்பிய துப்பாக்கியால், மேலே எண்ணெய் கசியும்வரை ஏற்றவேண்டும். மழைக்கு முன்னர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதைச் செய்தல் நன்று. திசைச்சக்கரம் திருப்பக் கடினமாயிருந்து முனகலும் கேட்டால், எண்ணெய் ஏற்றியதோடு நில்லாமல், கட்டையைக் கழற்றி மரையில் துருவும் தேய்வும் உண்டா என்று பார்ப்பதே அறிவுடைமை. தேய்ந்திருந்தால் தண்டும் கட்டையும் மாற்றப்படவேண்டியவை. அங்கே சிக்கனம் உயிரோடு விளையாடுவதாகும்.

வரலாற்றுக்கு வருவோம். பட்டறைகளின் பழைய பாடத்திற்கும் புதிய வண்டியின் அமைப்பிற்கும் ஏற்பட்ட பொருத்தமின்மையை ஆலையும் உணர்ந்திருக்க வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் ஸ்டாண்டர்டு நிறுவனம் ஹெரால்டை மாற்றியமைத்து கெசல் என்னும் காரை வெளியிட்டது. அதில் ஆடும் பின்னச்சு கைவிடப்பட்டது. ஒரே கட்டியான அச்சு வந்தது. இந்நாட்டு உரிமையாளரும் பழுதுபார்ப்போரும் ஆடும் அச்சை விரும்பவில்லை என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கெசலின் உற்பத்தி 1970-களிலேயே நின்றது. நிறுவனத்தின் கார் உற்பத்தியும் 1980-களின் இறுதியில் முடிவுற்றது. ஒரு பொறியின் வாழ்வை, அதை வரைந்தவரின் அறிவு மட்டும் முடிவு செய்வதில்லை. அதைப் பழுதுபார்க்கும் கைகளின் பழக்கமும் முடிவு செய்கிறது.

இன்று எஞ்சியுள்ள ஹெரால்டுகளைப் பேணுவோர் இருக்கிறார்கள். தந்தையின் காரை விற்க மனமின்றி ஊரில் மூடி வைத்துவிட்டு, வெளிமாநிலத்தில் பணிபுரிவோரும் உண்டு. அவர்களுக்குச் சொல்லத்தக்க செய்தி ஒன்று. ஸ்பிட்ஃபயரும் டிரையம்ஃப் ஹெரால்டும் பிற நாடுகளில் இன்னும் விரும்பிப் பேணப்படுவதால், அவற்றின் புஷ்களும் டிரனியன்களும் இங்கிலாந்தில் இன்றும் செய்யப்படுகின்றன. ஆயினும் இந்தியத் தயாரிப்பில் அளவுகள் மாறியிருக்கக்கூடும். பழைய உறுப்பை அளந்து பார்த்த பின்னரே புதியதை வரவழைக்கவேண்டும். நெடுநாள் நின்ற வண்டியை எடுக்குமுன், எஞ்சின் கிளம்புகிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், இம்மூன்று மூட்டுகளையும் பார்க்கவேண்டும். நின்ற வண்டியில் ரப்பர் காய்ந்தும், எண்ணெய் வடிந்தும், தகடு துருவேறியும் இருக்கும்.

பட்டறைக்குச் செல்லும்போது, ஒலியை நிறுத்துங்கள் என்று கேட்பதைவிட, ஒலி எங்கிருந்து வருகிறது என்று காட்டுங்கள் என்று கேட்பது மேல். முதல் வேண்டுகோளுக்கு விடை ஒரு குப்பி எண்ணெய். இரண்டாவதற்கு விடை ஒரு குவளைத் தண்ணீர், சற்றுப் பொறுமை, நழுவுவதா முறுகுவதா திருகுவதா என்னும் ஒரு கேள்வி. இதனைக் கேட்கத் தெரிந்த ஒருவர் எல்லைக்கு இப்புறம் இருந்தாலும் அப்புறம் இருந்தாலும், எம்மொழி பேசினாலும், அவரிடம் பழைய வண்டியை நம்பி ஒப்படைக்கலாம்.